கொரியாவின் ஹே சூவா, சீனாவின் ருவோஷியா: செங்கோட்டையில் ஓயாத வழக்கு

செங்கோட்டையில் நான் நடத்தும் பியூட்டி பார்லரில் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலுவரை ஆள் வராது. அந்த நேரத்தில்தான் சண்டை நடக்கும். ஒரு பக்கம் என்னிடம் வேலை பார்க்கும் புளியரைக்காரப் பெண். எதிர்ப்பக்கம் கேரளத்துப் புனலூரில் வாக்கப்பட்டிருக்கும் என் பெரியம்மா மகள். அக்கா ரயிலேறி வந்தால் நேரில், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் போனில். வழக்கு ஒன்றுதான்: ஒரே நாவலிலிருந்து வந்த ரெண்டு தொடரில் எது உசத்தி?

நாவல் சீனத்தில் டோங் ஹுவா எழுதியது. இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி விபத்தில் சிக்குகிறாள். கண் திறந்தால் முந்நூறு வருஷத்துக்கு முந்திய அரண்மனை, வேறொருத்தி உடம்பு, சுற்றிலும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் இளவரசர்கள். சீனாவில் ஹுனான் டிவி 2011-ல் இதை 35 எபிசோடாக ஒளிபரப்பியது. பேர் ‘பு பு ஜிங் ஷின்’, அடிக்கு அடி நெஞ்சு திடுக்கிடுகிறது என்று அர்த்தம். கொரியாவின் எஸ்பிஎஸ் சேனல் 2016-ல் கதையை ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய கொர்யோ ராஜ்யத்துக்குத் தூக்கிப்போய் 20 எபிசோடில் முடித்தது. அது ‘மூன் லவர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ’. முடிவுகளைச் சொல்லாமல் ரெண்டையும் ஒப்பிட முடியாது. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சீனத் தொடருக்கு முதல் எதிரி முடி. கதை நடப்பது கங்ஷி பேரரசர் காலம், மஞ்சு ஆட்சி. ஆண்கள் முன்னந்தலையைச் சிரைத்து, பின்னால் ஒற்றைப் பின்னல் விட வேண்டும். 1645-ல் மஞ்சுக்காரர்கள் இதைச் சட்டமாகவே போட்டு, மீறினால் தலை என்று சொல்லியிருந்தார்கள். முதல் எபிசோடில் எங்கள் பார்லர் பெண் அலறியது இன்னும் காதில் இருக்கிறது: “யக்கா, அத்தன பேரும் பாதி மொட்ட! இதுல எவன ஹீரோன்னு நான் நம்ப?” கொரியாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொர்யோ இளவரசர்களுக்குத் தோளில் புரளும் முடி, நெற்றியில் ஒரு கற்றை, லைட் படும்போது மினுக்கம். ஹேர் ஸ்பா எடுத்துவிட்டு வாள் சண்டைக்குப் போகிற மாதிரி இருப்பார்கள். புனலூர் அக்கா அங்கேயே கவிழ்ந்துவிட்டாள். தொழில்காரி என்ற முறையில் நான் சொல்வது, முடியை எடுத்துவிட்டால் முகம் ஒளிய இடமில்லை. நாலாவது இளவரசராக வரும் நிக்கி வூ புருவத்தை அசைக்காமல் ஒரு முழு எபிசோடைத் தாங்குவதற்கு அந்த வெறும் நெற்றியும் ஒரு காரணம். பத்தாவது எபிசோடுக்குள் மொட்டை கண்ணில் படுவதே நின்றுபோகும். பார்லர் பெண் இப்போது சீனக் கட்சிக்குத் தலைவி.

அடுத்தது வடு. கொரியாவின் நாலாவது இளவரசன் வாங் சோவுக்கு (லீ ஜுன்-கி) பெற்ற தாயே கொடுத்த வடு முகத்தில் இருக்கிறது, அதை முகமூடியால் மறைத்துத் திரிகிறான். மழை வேண்டிச் சடங்கு செய்யப் போகும் வழியில் ஜனங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேற்றை வீசுகிறார்கள். அப்போது கதாநாயகி ஹே சூ (ஐயூ) மேக்கப் போட்டு வடுவை மறைக்கிறாள். அவன் முகமூடி இல்லாமல் போகிறான், வானம் கொட்டுகிறது. ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் இடம். எனக்கு அந்த இடத்தில் புல்லரித்தது, கூடவே கையும் பரபரத்தது. தீக்காய வடு உள்ள கல்யாணப் பெண்களுக்கு நான் மேக்கப் செய்திருக்கிறேன். சிவந்த வடு என்றால் முதலில் பச்சைக் கரெக்டர், கறுத்தது என்றால் ஆரஞ்சு. அது காய்ந்ததும் கன்சீலரைத் தேய்க்காமல் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், மேலே பவுடர். இத்தனை செய்தும் நிறத்தைத்தான் மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மேடு நிழல் கட்டும். பத்தாம் நூற்றாண்டுப் பொடியும் குழம்பும் அந்த மழையில் கரையாமல் நின்றது என்றால், அந்தச் சரக்கை நான் மொத்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் இது கொரியாக்காரர்கள் சொந்தமாகச் சேர்த்தது. ஹே சூ நம் காலத்தில் அழகு சாதனம் விற்கிற பெண். கையில் இருக்கிற தொழிலை அந்தக் காலத்துக்கும் கொண்டுபோகிறாள். சீனத்துக் கதாநாயகி ருவோஷிக்கு (லியூ ஷிஷி) அப்படி ஒரு கைத்தொழில் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு கொரியாவுக்கு.

ஆனால் காலம் தாண்டிப் போகிற கதைக்கு உயிர் எங்கே இருக்கிறது? நடக்கப்போவது தெரியும் என்பதில். ருவோஷி சரித்திரம் தெரிந்தவள். நாலாமவர்தான் யோங்செங் பேரரசராகப் போகிறார், எட்டாமவர் அழியப் போகிறார் என்று அவளுக்கு மனப்பாடம். காதலிப்பதோ எட்டாமவரை. சிம்மாசன ஆசையை விட்டுவிடு என்று கேட்டுப் பார்க்கிறாள். அவர் மாட்டேன் என்கிறார். பிரியும்போது மனசு கேட்காமல், நாலாமவரிடமும் அவருடைய ஆட்களிடமும் ஜாக்கிரதையாக இரு என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதுவரை சும்மா இருந்த எட்டாமவர் அந்த எச்சரிக்கையால் நாலாமவருக்குக் குழி பறிக்க ஆரம்பிக்கிறார். அந்தக் குழியில் விழுவது அவள் உயிர்த்தோழனான பதிமூணாமவர், பத்து வருஷக் காவல். மடையை அடைக்கப் போனவள் கரையை உடைத்துவிட்டு வந்த கதை. இது அவளுக்கே பல வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது. அந்த எபிசோட் முடிந்ததும் பார்லர் பெண் ஒரு வார்த்தை பேசாமல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி போனில் தேடிப் படித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னாள்: நிஜத்திலும் யோங்செங் அந்த எட்டாவது தம்பியை வம்சப் பட்டியலிலிருந்தே நீக்கி, பேரையும் மாற்றிவிட்டார், 1726-ல் காவலிலேயே போய்ச் சேர்ந்தார், பதிமூணாமவர் மட்டும் கடைசிவரை அண்ணனுக்கு வலது கை. “எல்லாம் அவளுக்கு முன்னாடியே தெரியுமேக்கா! தெரிஞ்சும்...” என்று நிறுத்திக்கொண்டாள்.

ஹே சூ இந்த இடத்தில் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை. குவாங்ஜோங் என்று ஒரு ராஜா, கூடப் பிறந்தவர்களைக் கொன்றான் என்று அரைகுறையாக ஞாபகம். அந்தக் குவாங்ஜோங்தான் தன்னைச் சுற்றி வரும் வாங் சோ என்பது தாமதமாகத்தான் தெரிகிறது. அப்போதும் அறிவால் அல்ல, கண்முன் திடீர் திடீரென்று வரும் காட்சிகளால். எனக்கு இது எழுதியவர்களின் சோம்பலாகப் பட்டது. அதைப் போனில் சொல்லித் தொலைத்தேன்.

“எடீ, உன்னக் கொண்டுபோய் மார்த்தாண்ட வர்மா அரண்மனைல விட்டா ஒனக்கு என்ன தெரியும்?” என்றாள் அக்கா.

“குளச்சல் சண்டைல டச்சுக்காரன் தோப்பான்னு தெரியும்.”

“வருஷம்?”

“1741.”

“மாசம்? எந்தப் பக்கத்துலேந்து வருவான்? கொட்டாரத்துல ஆரு துரோகி?”

நான் வாயைத் திறக்கவில்லை.

“அப்ப நீயும் ஹே சூதான். போய் வேலையப் பாரு.”

நியாயமான அடி. நம்மில் பெரும்பாலோர் ஹே சூக்கள்தான். ஆனாலும் நம்மைப் போலவே இருக்கிறாள் என்பதற்காகக் கதை பலமாகிவிடாது என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறேன்.

காலம் தாண்டுவது எப்படி என்பதில் ரெண்டு தொடரும் மெனக்கெடவில்லை. அங்கே விபத்து, இங்கே முழுச் சூரிய கிரகணமும் ஒரு ஏரியும், அவ்வளவுதான். இதை எப்படி நம்புவது என்று வீட்டில் ஒருநாள் பேச்சு வந்தபோது, ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு 1120 (நம் கணக்கில் 1944-45) என்று எழுதியிருக்கிற எங்கள் ஆச்சி வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: “இதுல என்னட்டி அதிசயம்? ஐப்பசில ஒருநா ராத்திரி திருவிதாங்கூர்லதான் படுத்தேன். விடிஞ்சு பாத்தா மெட்ராஸ் ராஜ்யம். பாயி அதே பாயிதான்.” 1956 நவம்பர் 1, மாநில எல்லைகளை மாற்றிப் போட்ட நாள். செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பாகம் இந்தப் பக்கம் வந்தது, ஆரியங்காவு கேரளப் பக்கமே நின்றுவிட்டது. ஊருக்குள் வளைவில் திருவிதாங்கூர் அரசின் சங்குச் சின்னம் இன்னும் இருக்கிறது. ஆச்சிக்கு ருவோஷியின் முதல் எபிசோட் துளியும் குழப்பவில்லை, “பாவம், மொழி தெரியுதுல்லா, பொழச்சுக்கிடுவா” என்றாள்.

மழைக் காட்சியை வைத்துத்தான் ரசிகர்கள் அதிகம் அடித்துக்கொள்கிறார்கள். ரெண்டிலும் கதாநாயகி ஒருவருக்காக மழையில் மண்டி போடுகிறாள். சீனத்தில் பதிமூணாமவருக்காக; நாலாமவர் வந்து, தானும் குடையில்லாமல் பக்கத்தில் நனைகிறார். தொடவில்லை, தூக்கவில்லை. கொரியாவில் தன்னைத் தாய்போல் பார்த்துக்கொண்ட அரண்மனைப் பெண் அதிகாரி ஓ-வுக்காக. வாங் சோ வந்து தன் மேலாடையை அவள் தலைக்கு மேல் கூடாரமாகப் பிடிக்கிறான். அந்த ஒரு போஸ் அக்காவின் போன் வால்பேப்பராக எத்தனையோ வருஷம் இருக்கிறது. மழையைத் தடுப்பவன் மேலா, கூட நனைபவன் மேலா? நான் நனைபவன் கட்சி. அக்காவிடம் இதைச் சொன்னால், “நனஞ்சா ரெண்டு பேருக்கும் பனி பிடிக்கும், அதுல என்ன பிரயோஜனம்” என்பாள். அங்கே பனி என்றால் காய்ச்சல்.

நடிப்பைப் பற்றிச் சுருக்கமாக. கொரியத் தொடரின் முதல் சில எபிசோடுகளில் சிலர் பள்ளி ஆண்டு விழா நடிப்புதான் நடிக்கிறார்கள், இளவரசர்கள் குளிக்கிற காட்சி வேறு. எக்ஸோ பாட்டுக் குழுவின் பேக்ஹியுன் பத்தாவது இளவரசனாக வந்து முதலில் எரிச்சலூட்டுவார். அவர் சாகும் இடத்தில் எரிச்சல்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றும். லீ ஜுன்-கி மட்டும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசிவரை ஒரே தீ. ஆனால் தொடர் அவனுடைய ராஜாங்கத்துக்கு நேரமே கொடுக்கவில்லை. நிஜ குவாங்ஜோங் 949 முதல் 975 வரை ஆண்டவர். அநியாயமாக அடிமையாக்கப்பட்டவர்களை 956-ல் விடுவித்தார், 958-ல் பரீட்சை வைத்து அதிகாரிகளை எடுக்கத் தொடங்கினார். பிரபுக்களுக்கு அவர்மேல் ஏன் அத்தனை வெறுப்பு என்பது இதில்தான் இருக்கிறது. கடைசி எபிசோடுகள் ஓட்டமாக ஓடுவதால் நமக்குக் கிடைப்பது காதலன் மட்டும், ராஜா கிடைக்கவில்லை. சீனத் தொடரின் கடைசிப் பகுதியில் யோங்செங் ராஜாவாகவே இருக்கிறார். காதலியைப் பிடித்துவைப்பதும் தம்பிகளை நசுக்குவதும் ஒரே கைதான் என்று தெரியும்போது வயிறு கலங்குகிறது.

முடிவுக்கு வருவோம். ரெண்டிலும் அவள் இறந்து நம் காலத்தில் விழிக்கிறாள். சீனத்தில் கண்காட்சியில் ஒருவன் வருகிறான், அதே முகம். அவளைப் பார்க்கிறான், தெரியவில்லை, போய்விடுகிறான். கொரியாவில் அவன் வரவே இல்லை. அவள் பழைய ஓவியங்கள் முன்னால் தனியாக நின்று அழுகிறாள், அவன் அந்தக் காலத்திலிருந்து தேடி வருவதாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கொரியாவில் அதே திங்கள், செவ்வாய் நேரத்துக்கு வேறு சேனலில் ஓடிய சரித்திரத் தொடர் ரேட்டிங்கில் இதை அமுக்கிவிட்டது. வெளிநாட்டு ரசிகர்கள்தான் தோளில் தூக்கிவைத்து, ரெண்டாம் பாகம் எங்கே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். 2019-ல் ஐயூ நடித்த ‘ஹோட்டல் டெல் லூனா’வில் லீ ஜுன்-கி ஒரு சின்ன வேஷத்தில் தலைகாட்டியபோது அக்கா எனக்கு ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டு அழுதாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நான் பயந்துபோனேன். சீனக் கட்சிக்கு இந்த ஏக்கம் குறைவு. நிக்கி வூவும் லியூ ஷிஷியும் பிறகு நிஜத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், அந்தக் கணக்கு அங்கே தீர்ந்தது.

இந்த ரெண்டும் வேண்டாம், சிரிக்க ஒன்று சொல் என்பவர்களுக்கு 2018-ல் வந்த தாய்லாந்தின் ‘லவ் டெஸ்டினி’. நாராய் மன்னர் காலத்து அயுத்தயாவில் போய் விழும் ஒருத்தி ஆற்று இறாலைச் சுட்டுத் தின்றுவிட்டு ஜாலியாக இருப்பாள். தொடர் ஓடியபோது தாய்லாந்து ஜனம் பழங்கால உடை உடுத்திக்கொண்டு அயுத்தயா கோயிலுக்குக் கூட்டங்கூட்டமாகப் போனது. அதில் வரும் மரியா கியோமார் நிஜமானவர். முட்டைக் கருவில் செய்யும் தாய்லாந்து இனிப்புகளை அவர் பேரில்தான் சொல்கிறார்கள். அதில் நூல்நூலாக வரும் ஒன்று முட்டமாலை என்கிற மலபார் இனிப்புக்குக் கூடப்பிறந்தது, ரெண்டும் போர்ச்சுகீசியர் வழி. ஆச்சியின் ஓட்டு இதற்குத்தான்: “யாரும் சாகலல்லா.” காலம் தாண்டும் ஆங்கிலத் தொடர் ‘அவுட்லாண்டர்’ ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பவர்களுக்கு: ஆச்சியோடு உட்கார்ந்து பார்க்க முடியாது.

வரிசை கேட்டால், கொரியாவை முதலில் பாருங்கள். சீனத்தைப் பார்த்தபிறகு கொரியாவின் ஓட்டைகள் மட்டும் கண்ணில் படும், லீ ஜுன்-கிக்குச் சேர வேண்டிய அழுகை வராமல் போய்விடும். நடுவில் ஒரு மாசம் விடுங்கள். பிறகு சீனம், முதல் அஞ்சு எபிசோட் மொட்டையைப் பொறுத்துக்கொண்டு.

நான் கொரியாக் கட்சியில் ஆரம்பித்தவள். அக்காவுக்கு நான் கட்சி மாறிய விஷயம் இன்னும் முழுசாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பார்லர் பெண்ணிடம் வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறாள்.