டிரம் நுழையாத கதவு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கூடவே வேலை பார்த்த பையன்கள் வாங்கிக் கொடுத்தது இந்த மர விமான மாதிரி. டி ஹாவிலண்ட் கனடா கம்பெனியின் பீவர் விமானம், தண்ணீரில் இறங்க மிதவை பொருத்திய வகை. முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். எதைக் கொடுத்தாலும் கை முதலில் ஸ்கேலைத்தான் தேடும். இறக்கையின் நுனிக்கு நுனி 45.7 செ.மீ. வந்தது. பெட்டியில் 1:32 என்று போட்டிருக்கிறார்கள். நிஜ பீவருக்கு இறக்கை 48 அடி. வகுத்துப் பாருங்கள், ஒன்றரை அடி. அளவில் பொய் இல்லை.

செதுக்கியவர் கைக்காரர்தான். இறக்கை முழுவதும் ஒரே மஹோகனிப் பலகை. மர ரேகை இந்த நுனியில் தொடங்கி அந்த நுனி வரை அறுபடாமல் ஓடுகிறது. முன்மூக்கின் உள்ளே டார்ச் அடித்து எண்ணினேன். வாஸ்ப் ஜூனியர் இன்ஜினின் சிலிண்டர்கள் ஒன்பதும் இருக்கின்றன. ஒன்று குறைந்திருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் ஒன்பது. இரண்டு இலை ப்ரொப்பல்லரை விரலால் தட்டினால் ஆட்டமில்லாமல் சுற்றுகிறது.

முழுக்க உலோகத்தால் செய்த விமானம் என்பதுதான் 1947இல் முதன்முதலாகப் பறந்தபோது பீவருக்கு இருந்த பெருமைகளில் ஒன்று. அதைப் போய் மரத்தில் செய்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பரவாயில்லை, பார்க்க அழகாகவே இருக்கிறது.

என் மனத்தாங்கல் கதவில். கனடாவின் வடக்கே காட்டிலும் ஏரியிலும் பறந்த விமானிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வடிவமைத்த விமானம் இது. 45 காலன் எரிபொருள் டிரம்மை அப்படியே உருட்டி ஏற்றும்படி இரண்டு பக்கமும் அகலக் கதவு வைத்தார்கள். பறந்துகொண்டே இன்ஜினுக்கு ஆயில் ஊற்ற விமானி அறைக்குள்ளேயே ஒரு மூடி உண்டு. இந்த மர மாதிரியில் அது இல்லாததை நான் குறை சொல்லவில்லை, வெளியே தெரியாத சமாசாரம். ஆனால் கதவு? மெல்லிய கோடாக வரைந்திருக்கிறார்கள், அகலம் 12 மி.மீ. முப்பத்திரண்டால் பெருக்கினால் 39 செ.மீ.கூட முழுசாக வரவில்லை, 384 மி.மீ.தான். டிரம்மின் குறுக்களவோ 58 செ.மீ. பக்கம். உருட்டிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சிலிண்டரை எண்ணி வைத்த மனிதர் இதில் எப்படிக் கோட்டைவிட்டார் என்று புரியவில்லை.

இன்னொன்று, மிதவையின் பின்னால் இருக்கும் குட்டிச் சுக்கான் ஒன்று உடைந்தே வந்தது. கடைக்குப் படம் அனுப்பினேன், "மரப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. ஒட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பதிலுக்காக ஒரு நட்சத்திரம் கழித்துவிட்டேன். கதவுக்கு அரை. மிச்சம் மூன்றரை.

வாங்குகிறவர்கள் தூசு தட்டத் துணி போடாதீர்கள், மிதவைக் கால்களில் சிக்கி இழுக்கும். பழைய பெயின்ட் பிரஷ் போதும். கதவுக் கோட்டை 19 மி.மீ.க்குத் தள்ளி வரைய நான் மெல்லிய பிரஷ் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வார்னிஷைச் சுரண்டத்தான் இன்னும் மனசு வரவில்லை.