ஊட்டிவிடுவதா, தானே தின்ன விடுவதா?

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அரிசிம்பருப்புச் சோற்றை ஊட்டுவதா, தட்டில் வைத்துவிட்டு விலகுவதா? கொங்குப் பக்கத்து வீடுகளில் அம்மாவுக்கும் அம்மாயிக்கும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) தினம் நடக்கும் வழக்கு இது.

நேரம்
ஊட்டினால்: கால் மணி நேரம். கைபேசியில் பாட்டு ஓடினால் இன்னும் சீக்கிரம், ஆனால் தின்றது என்னவென்றே பிள்ளைக்குத் தெரியாது.
தானே தின்றால்: அரை மணியும் தாண்டும்.

சிந்தல்
ஊட்டினால்: இல்லை.
தானே தின்றால்: பருப்பு தலைமுடிவரை ஏறும். பழைய வேட்டியை விரித்துவிடுங்கள்.

அளவு
முதல் ஆண்டில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். பசி குறைவது இயல்பு.
ஊட்டினால்: கிண்ணம் காலியாவதே கணக்கு. "இன்னும் ஒரே வாய், கண்ணு" என்று தினமும் திணித்தால், வயிறு நிறைந்ததை உணரும் பழக்கம் மங்கும். சில பிள்ளைகள் கிண்ணத்தைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வார்கள்.
தானே தின்றால்: போதும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது.

புது ருசி
ஊட்டினால்: முருங்கைக்கீரையைச் சோற்றில் ஒளித்துவிடலாம்.
தானே தின்றால்: பத்து முறை வைத்தபிறகே தொடக்கூடும். பெற்றோர் தட்டிலும் கீரை இருந்தால் பலன் அதிகம்.

காய்ச்சல் நாளிலும் வேலைக்கு ஓடும் காலையிலும் ஊட்டுங்கள். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். மற்ற வேளைகளில் தட்டைப் பிள்ளையிடம் கொடுத்து அருகில் அமருங்கள். எந்த வழியானாலும் முழு நிலக்கடலை மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.