ஃபிரண்ட்ஸ் வினாடி வினா எபிசோடு: டிவிடியா, ப்ளூ-ரேயா?

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ஃபிரண்ட்ஸில், 1998 ஜனவரியில் ஒளிபரப்பான நாலாவது சீசனின் 12ஆம் எபிசோடுக்காக மட்டுமே டிஸ்க் வாங்குகிறவர்கள் உண்டு. நண்பர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அறிவார்கள் என்று ராஸ் நடத்தும் வினாடி வினாதான் காரணம். மோனிகாவும் ரேச்சலும் ஓர் அணி, சாண்ட்லரும் ஜோயியும் இன்னொரு அணி. நாலு தலைப்புகள், அணிக்குப் பத்துக் கேள்விகள். சமன் ஆனால் முப்பது வினாடி மின்னல் சுற்று. பெண்கள் தோற்றால் ஆண்களோடு ஃபிளாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்கள் தோற்றால் அவர்கள் வளர்க்கும் சேவலும் வாத்தும் வெளியே.

2012இல் வந்த ப்ளூ-ரே, 35 எம்எம் ஃபிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தது. படம் பளிச். ஆனால் பழைய டிவியின் 4:3 சட்டத்துக்காக எடுத்ததை அகலத்திரைக்கான 16:9 ஆக விரித்ததால், சில காட்சிகளில் ஓரத்தில் செட் முடியும் இடம் தெரிந்துவிடுகிறது. தவிர, இதில் இருப்பது டிவியில் ஓடிய வெட்டு. கூடுதல் காட்சிகள் வேண்டுமென்றால் அமெரிக்க டிவிடிதான். அதுவும் முதல் மண்டல (ரீஜன் 1) டிஸ்க், எல்லா நாட்டு பிளேயரிலும் ஓடாது. உங்கள் பிளேயர் ஏற்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சப்டைட்டிலைப் போட்டே பாருங்கள். வினாடி வினாவில் ஒரு கேள்வி, சாண்ட்லர், ஜோயி வீட்டுக்கு வரும் டிவி கைடு இதழின் முகவரிச் சீட்டில் இருக்கும் பெயர் என்ன என்பது. விடை சாண்ட்லர் பிங் அல்ல, ‘மிஸ் சனாண்ட்லர் பாங்’. அந்த ‘மிஸ்’ஸைச் சாண்ட்லரே கடைசியில் ஒட்டுவதுதான் வெடி, காதில் எளிதில் நழுவிவிடும். சாண்ட்லரின் வேலை என்ன என்ற கேள்விக்கு ரேச்சல் கத்தும் ‘டிரான்ஸ்பான்ஸ்டர்’ எந்த அகராதியிலும் கிடையாது. டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி நிஜம். சிக்னலை வாங்கிப் பதில் அனுப்புவது. மோனிகா தன் துவாலைகளைப் பிரித்திருக்கும் வகைகள் எத்தனை? பதினொன்று. ஜோயி எண்ணத் தொடங்கும் முகத்துக்காகவே ப்ளூ-ரே பக்கம் சாயலாம்.