பீட்டில்ஸின் முதல் ஆல்பம்: மோனோவிலேயே வாங்குங்கள்

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. ஸ்ட்ரீமிங் ஆப்பில் தேடினால் முதலில் வந்து நிற்பது 2009இல் மெருகேற்றிய ஸ்டீரியோ பதிப்பு, அதாவது இடது வலது என்று ஒலி பிரிந்து வருவது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவது மோனோ. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். இடது காதுக்காரருக்கு டிரம்ஸும் கிட்டாரும்தான் கேட்கும், பாடுகிற குரல் அவ்வளவும் வலது காதுக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கரை மேடைக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று என்று பிரித்து வைத்தாலும் இதே கதிதான்: சாப்பிடுகிறவர்களுக்குத் தாளமே இல்லாமல் வெறும் பாட்டு. சவுண்டு சர்வீஸ்காரர்கள் மிக்சரில் இரண்டு சேனலின் பேன் குமிழையும் (ஒலியை இடதோ வலதோ தள்ளுவது) நடுவில் வைத்துவிட்டால் போதும். இல்லையென்றால் ஆல்பத்தின் மேலேயே பழி விழுகிறது.

பதிவான முறைதான் இதற்குக் காரணம். 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவில், காலையில் தொடங்கி இரவுக்குள் பத்துப் பாட்டுகளை முடித்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித். கையில் இருந்தது இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கொண்ட டேப் மிஷின். ஒரு டிராக்கில் வாத்தியம், இன்னொன்றில் குரல் என்று பிரித்து எடுத்தார்கள். பின்னால் இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்து ஒன்றாகச் சேர்க்க வசதியாக இருக்கும் என்பதற்காகத்தான் அந்தப் பிரிப்பு. அப்படிச் சேர்ந்து மார்ச் 22இல் வெளிவந்த மோனோ தட்டுதான் அவர்கள் மனதில் இருந்த ஆல்பம். ஸ்டீரியோவுக்கு அதே இரண்டு டிராக்கையும் இடதும் வலதுமாக விரித்து விட்டுவிட்டார்கள்.

ஸ்டீரியோவுக்கும் ஒரு பயன் உண்டு. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் தேவாலயப் பாடற்குழுவில் இரண்டாம் குரல் பழகுகிறவர்கள் வலது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்கலாம். மூன்று பேர் குரலும் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். கிட்டார் பழகுகிறவர்களுக்கு இடது பக்கம் போதும்.

சிங்கிள்களுக்கு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிறு தட்டுகளுக்கு வருவோம். முதல் சிங்கிள் 'லவ் மீ டூ', 1962 அக்டோபர் 5. சிங்கிளில் உள்ளதும் ஆல்பத்தில் உள்ளதும் வேறு வேறு பதிவுகள். செப்டம்பர் 4இல் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசித்தது சிங்கிளில் வந்தது. மார்ட்டினுக்கு அந்த டிரம்ஸில் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ கலைஞரை வாசிக்க வைத்தார்கள், ரிங்கோ கையில் டாம்பரின் (சலங்கை கோத்த கைவாத்தியம்) கொடுத்தார்கள். ஆகவே டாம்பரின் கேட்டால் அது ஆல்பத்துப் பதிவு, கேட்காவிட்டால் சிங்கிள். ரிங்கோ வாசித்தது வேண்டுமென்றால் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பின் முதல் பாட்டைப் போடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒயிட்டின் கை சுத்தம், ரிங்கோவின் கையில் ஒரு இழுவை. அந்த இழுவைதான் இந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது.

இதில் கவனிக்க இன்னொரு இடம் இருக்கிறது. பல்லவியின் முடிவில் எல்லாம் நின்று, குழுவின் பால் மெக்கார்ட்னி மட்டும் தனியாகத் தலைப்பு வரியைப் பாடுவார். முன்பு குழுவின் இன்னொரு பாடகர் ஜான் லெனன் பாடிய வரி அது. அந்த வரி முடிகிற இடத்திலேயே ஜான் ஹார்மோனிகா தொடங்க வேண்டும். ஒரே வாயால் இரண்டும் முடியாது. ஸ்டுடியோவில்தான் பாலுக்கு மாற்றினார்கள். அவர் குரலில் கொஞ்சம் தயக்கம் கேட்கும்.

இரண்டாவது சிங்கிள் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 1963 ஜனவரி 11. மெதுவான பாட்டாக வந்ததை வேகப்படுத்தச் சொன்னது மார்ட்டின். தொடக்கத்தில் ஜான் படிப்படியாகக் கீழே இறங்க, பால் மேல் சுரத்தை விடாமல் பிடித்திருப்பார். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் நிற்பதுபோல அந்தச் சுரம் அசையாமல் நிற்கும். மோனோவில் இந்த இரண்டு குரலும் டிரம்ஸோடு ஒட்டி ஒரே அடியாக வந்து விழும். ஸ்டீரியோவில் இருப்பது வேறு டேக்குகளை (வேறு முறை பாடிப் பதிந்தவற்றை) ஒட்டியது. கடைசிச் சரணத்தில் ஜான் வரியை மாற்றிப் பாடிவிட்டு அடுத்த வரியில் சிரிப்பை அடக்குவது கேட்கும். ரசிகர்களுக்கு அது பிடிக்கும். சிங்கிளின் விறைப்பு அதில் இல்லை.

சிங்கிள்களின் நான்கு பாட்டுகளும் தட்டில் முதல் பக்கத்தின் கடைசியிலும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலும் வருகின்றன. மொத்தம் பதினான்கில் எட்டு சொந்தப் பாட்டு, ஆறு பிறர் பாட்டு. 'செயின்ஸ்', 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' இரண்டும் சுமார். 'அன்னா' அருமை. யாரும் பெரிதாகப் பேசாத 'தேர்ஸ் எ பிளேஸ்' சிங்கிள்களுக்கு ஒரு படி மேல். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' அந்த நாளின் கடைசிப் பாட்டு. சளி பிடித்த தொண்டையோடு ஜான் ஒரே டேக்கில் பாடியதுதான் தட்டில் இருப்பது. மறு டேக் முயன்றபோது குரல் போயிருந்தது. பிரிட்டனில் இந்த ஆல்பம் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

வாங்குகிறவர்களுக்கு: 1987இல் வந்த முதல் சிடி மோனோதான், பழைய சிடியாகக் கிடைத்தால் விடாதீர்கள். அது பிளாஸ்டிக் பெட்டியில் வரும்; மடிப்பு அட்டையில் இருந்தால் 2009 ஸ்டீரியோ. 2009 மோனோ சிடி முழுப் பெட்டித் தொகுப்பில் மட்டும் உண்டு. எல்.பி. (பெரிய வினைல் தட்டு) என்றால் 2014 மோனோ பதிப்பு. போனில் மட்டும் கேட்பவர்கள் அமைப்புகளில் அணுகல்தன்மைக்கு (Accessibility) போய் மோனோ ஆடியோவைப் போடுங்கள். அசல் மோனோ கலவையின் அளவு அப்படியே வராது, ஆனால் பிளவு போய்விடும். 2023இல் வந்த '1962–1966' தொகுப்பில் சில பாட்டுகளைப் புதிதாகப் பிரித்துக் கலந்திருக்கிறார்கள், இயர்போனுக்கு அது நன்று.

எல்.பி. வைத்திருப்பவர்களுக்கு நம் பக்கத்தில் பெரிய தொல்லை ஐப்பசி, கார்த்திகை ஈரம். காகித உள்ளுறை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூசணம் பள்ளத்துக்குள் இறங்கி 'சரசர' என்று கேட்கும். பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, நிமிர்த்தி அடுக்கி, பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு படியும். பேட்டரி கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் சுற்றும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடையுங்கள். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. முழுதும் காயாமல் உறையில் போட்டால் மறுபடியும் பூசணம்தான்.