டைம்ஸ்டாம்ப் என்று சொல்லித் தங்க முத்திரை விற்கிறார்கள்: ராணிப்பேட்டை, ஆம்பூர் டிசைனர்கள் கவனிக்கவும்

ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி), செருப்பு, பெல்ட் என்று டிசைன் போட்டுப் பிழைக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களுக்குத்தான் முதலில் இது. "உங்கள் ஃபைலுக்கு டிஜிட்டல் டைம்ஸ்டாம்ப் போட்டுத் தருகிறோம், எவன் காப்பி அடித்தாலும் கோர்ட்டில் நிற்கும்" என்று சொல்லி வேலூரில் ஒரு கன்சல்டன்சி ஆள் பிடிக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, நாளைக்கே வேறு போர்டு மாட்டி இதே வேலையைச் செய்யலாம்.

நான் தனியாளாக வேலை பார்க்கும் பேட்டர்ன் டிசைனர். பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர், கண்ணில் படுவதற்கு முன்பே சாம்பிள் ரூமிலிருந்து டிசைன் வெளியே நழுவிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்ன தேதியில் இந்த ஃபைல் என்னிடம் இருந்தது என்று காட்ட ஒரு சான்று தேவைப்பட்டது. வருடச் சந்தா, அதற்கு மேல் ஃபைலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார்கள். டிசைனை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பச் சொன்னார்கள். மறுநாள் ஒரு பிடிஎஃப் வரும். அதில் தங்க நிற வட்ட முத்திரை, நொடி வரைக்கும் நேரம், ஹாஷ் என்று நீளமாக ஓர் எண், கீழே க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அவர்களுடைய வெப்சைட்டுக்குப் போய்ப் பச்சை டிக் காட்டும்.

அப்புறம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் என் லோஃபர் அப்பர் அச்சு அசலாக ஓடுவதைப் பார்த்தேன். முன்பக்கத் தையலின் வளைவுகூட மாறவில்லை. முதலாளி பாய் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, எங்க டிசைனர் போட்டதுன்னு அவர் சொல்றாரு. உங்களுது முன்னாடின்னா காட்டுங்க, பேசித் தீத்துக்கலாம்." சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அவர் மகன் கம்ப்யூட்டர் படித்தவர். க்யூஆரை ஸ்கேன் செய்தார், பக்கம் திறக்கவில்லை. வெப்சைட்டின் டொமைனே காலாவதியாகியிருந்தது. சரி என்று பிடிஎஃப்பை அடோபி ரீடரில் திறந்து கையெழுத்து விவரத்தைப் பார்த்தார். கையெழுத்திட்டவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்திலிருந்து எடுத்த நேரம் இது என்று அதுவே சொன்னது. அந்தப் பையன் தன் லேப்டாப் கடிகாரத்தைப் போன வருடத்துக்குத் திருப்பிவைத்து, ஒரு டெஸ்ட் பிடிஎஃப்பில் கையெழுத்தும் போட்டுக் காட்டினார். என் சான்றிதழில் இருந்த அதே வகைத் தேதி வந்தது.

கன்சல்டன்சிக்கு ஃபோன் செய்தேன். "சர்வர் மாத்திக்கிட்டு இருக்கோம் சார்" என்றார்கள். விடாமல் கேட்டதும் அடுத்த பதில் வந்தது: "கவலைப்படாதீங்க சார், பழைய தேதியிலேயே புதுசா ஒண்ணு போட்டு அனுப்புறோம்."

நன்றாகக் கவனியுங்கள். பழைய தேதியில் புதிதாகப் போட முடியும் என்றால் அது டைம்ஸ்டாம்பே இல்லை. பழைய தேதியில் ஸ்டாம்ப் பேப்பர் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆளுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்கு ஆம்பூர் யூனிட்டின் டிசைனர் இவர்களிடம் போயிருந்தால், எனக்கு ஒரு மாதம் முந்தைய தேதியில் அவருக்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

உண்மையான டைம்ஸ்டாம்ப் எப்படி வேலை செய்கிறது என்று அந்தப் பையன்தான் விளக்கினார், பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் ஃபைல் உங்களைவிட்டு எங்கும் போகாது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே அதற்கு ஷா-256 என்ற முறையில் ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண், எடுக்க வேண்டும். ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் வருவது 64 எழுத்து நீள எண். ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் முற்றிலும் வேறு எண் வரும். அந்த எண் மட்டும்தான் நேரச்சான்று தரும் அமைப்புக்குப் போகிறது. அவர்கள் தங்கள் கடிகார நேரத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்து, தங்களிடம் மட்டும் இருக்கும் ரகசிய டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு ஒரு சிறிய டோக்கன் ஃபைலாகத் திருப்பித் தருகிறார்கள். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3161 என்ற தரநிலை சொல்வது இதைத்தான். அசல் ஃபைல், டோக்கன், அந்த அமைப்பின் சான்றிதழ் மூன்றும் கையில் இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற இலவச மென்பொருளில் யாரும் சரிபார்க்கலாம். கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போனாலும் சரிபார்க்கலாம். கொடுத்தவரின் வெப்சைட்டில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்.

இந்த யோசனை புதியதும் இல்லை. ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய நிறுவனம், வாராவாரம் சேர்ந்த ஹாஷ்களை ஒன்றாக்கி நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்த பேப்பரை யாரும் திரும்ப வாங்கித் திருத்த முடியாது அல்லவா. இன்று ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசக் கருவி பிட்காயினின் பேரேட்டை, அதாவது பழைய பதிவைத் திருத்த முடியாத பொதுக் கணக்கேட்டை, வைத்து அதே வேலையைச் செய்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய முத்திரையைவிட அது எவ்வளவோ மேல்.

என் சான்றிதழில் இருந்த ஹாஷையும் பார்த்துவிடுவோம் என்று பார்த்தோம். என் அசல் ஃபைலோடு அது பொருந்தவில்லை. வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாகப் போகும் படம் சுருக்கப்பட்டுவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு. டைம்ஸ்டாம்ப் விற்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாது என்று நம்ப எனக்கு மனமில்லை.

கோர்ட்டில் நிற்கும் என்ற பேச்சுக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம்தான் சாட்சியச் சட்டம். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். தங்க முத்திரைக்கு அதில் கட்டம் கிடையாது. டைம்ஸ்டாம்பை இந்தியாவிலேயே வாங்க நினைத்தால், மத்திய அரசின் சான்றளிப்பு அதிகாரிகள் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனமா என்று அந்தக் கட்டுப்பாட்டாளரின் இணையதளப் பட்டியலில் பாருங்கள்.

"இதுவே காப்பிரைட் பதிவு மாதிரிதான் சார்" என்றும் சொன்னார்கள். சுத்தப் பொய். அந்த நேரத்தில் ஃபைல் இருந்தது என்பதைத்தான் டைம்ஸ்டாம்ப் காட்டும், யார் வரைந்தது என்று காட்டாது. ஷூவின் தோற்றத்துக்கு உரிமை வேண்டுமானால் டிசைன் சட்டம் 2000இன் கீழ், வெளியில் காட்டும் முன்பே பதிய வேண்டும். முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம். பதியக்கூடிய டிசைனைப் பதியாமல் 50 உருப்படிகளுக்கு மேல் தயாரித்துவிட்டால் அதில் காப்பிரைட்டும் போய்விடும். இதை அவர்கள் வாயே திறக்கவில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய சேவைக்குப் புகார் செல்லாது என்று சிலர் சொல்வார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு 2019 சட்டம் தரும் விலக்கு, வாங்கிய பொருளைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, சேவைக்கும் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

இவர்களிடம் ஏற்கெனவே முத்திரை வாங்கியிருப்பவர்கள் அசல் ஃபைலைத் திறந்து மறுபடி சேவ் செய்யாதீர்கள். அப்படியே ஒரு பிரதி எடுத்து, ஹாஷ் எடுத்து, உண்மையான டோக்கன் இன்றே வாங்குங்கள். போன தேதி திரும்பாது. ஆனால் அந்த டிசைனை அட்டாச் செய்து பையருக்கு அனுப்பிய பழைய மெயில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். உங்கள் கடிகாரத்தைச் சாராமல், பெற்றவரின் மெயில் சர்வர் போட்ட நேரம் அவர் இன்பாக்ஸில் இருக்கும். பாயிடம் கடைசியில் எனக்குக் கைகொடுத்தது சென்னை பையரின் இன்பாக்ஸில் இருந்த அப்படி ஒரு மெயில்தான்.