வரிப்பணத்தில் நடக்கும் வேலையிடப் பயிற்சிகள்: ஒரு மதிப்பீடு

ஒரு நிறுவனம் தன் சொந்தச் செலவில் பயிற்சி தரும்போது, தன்னிடமுள்ள இயந்திரத்தையும் தன் நடைமுறையையும் மட்டும் கற்றுக்கொடுத்தால் அதில் குறை காண முடியாது. அதே பயிற்சிக்கு மக்களின் வரிப்பணம் செல்லும்போது அளவுகோல் மாறுகிறது. பயின்றவர் நாளை வேறோர் இடத்தில் வேலை தேடினாலும் கற்றது அவருக்குக் கைகொடுக்குமா என்பதே அப்போது நாம் கேட்க வேண்டியது. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி, ஊதிய மானியத்துடன் கூடிய பணியிடப் பயிற்சி எனப் பல பெயர்களில் நடக்கும் இத்திட்டங்களை அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

ஜெர்மனியின் இரட்டைமுறைப் பயிற்சியைத் தயக்கமின்றி முதலிடத்தில் வைப்பேன். 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் நடக்கும் இதில், பழகுநர் பெரும்பாலும் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் நிறுவனத்திலும் மற்ற நாட்களில் தொழிற்பள்ளியிலும் பயில்கிறார். தொழிலைப் பொறுத்து இது இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நீடிக்கும். பழகுநரின் ஊதியத்தை நிறுவனம் தருகிறது, பள்ளிச் செலவை அரசு ஏற்கிறது. இந்தப் பங்கீட்டைத்தான் பலரும் வியந்து பேசுகிறார்கள். ஆனால் இம்முறையின் உயிர்நாடி அதன் தேர்வில் இருக்கிறது. 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கான பயிற்சி விதிகளை முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அரசும் கூடி வகுக்கின்றன. இறுதித் தேர்வையோ, பயிற்சி தந்த நிறுவனம் அல்லாமல், தொழில் வணிகச் சபை அல்லது கைவினைஞர் சபை அமைக்கும் குழு நடத்துகிறது. பழகுநரை ஆண்டுக்கணக்கில் சுமை தூக்கவும் தரை கூட்டவும் மட்டுமே வைத்திருந்த முதலாளியின் அலட்சியம் அந்தத் தேர்வில் வெளிப்பட்டுவிடும். அங்கே பெற்ற சான்றிதழை, பயின்றவரை முன்பின் அறியாத இன்னொரு முதலாளியும் நம்பலாம்.

பிரிட்டன் பணத்தைத் திரட்டிய விதம் நேர்மையானது. செலவிட்ட விதம் ஏமாற்றம் தருகிறது. ஆண்டு ஊதியச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய தொகையில் 0.5 விழுக்காட்டைப் பழகுநர் பயிற்சி வரியாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கட்டிய பணத்தைப் பயிற்சிச் செலவாக எப்படியாவது திரும்பப் பெற வேண்டும் என்று எண்ணிய இங்கிலாந்து நிறுவனங்கள் பலவும், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களையும் மேலாளர்களையும் உயர்நிலைப் பயிற்சிகளில் சேர்த்தன. பள்ளி முடித்த இளையோருக்கான தொடக்கநிலைப் பயிற்சிகள் சுருங்கின. மேலாளருக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செலவை நிறுவனமே செய்திருக்கும் என்பதுதான் என் வருத்தம். வேலை நேரத்துக்குள்ளேயே, அன்றாட வேலையிலிருந்து விடுவித்துப் பயிற்சி தர வேண்டும் என்ற அங்குள்ள விதியை மட்டும் எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, பழகுநருக்கு நிறுவனம் தர வேண்டிய உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. இப்பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும்படி பின்னர் மாற்றப்பட்டது நல்ல திருத்தம். ஆயினும், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்பது எளிது; அவர்களுக்கு யார், எந்த நேரத்தில், எதைக் கற்றுக்கொடுத்தார் என்பதைப் பயிற்சிக்கூடத்துக்கே வந்து பார்ப்பவர் இல்லாவிட்டால், பழகுநர் குறைந்த கூலிக்குக் கிடைத்த கூடுதல் ஆளாகிவிடுவார்.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணியிடப் பயிற்சி பெறுபவரின் ஊதியத்தில் பாதி வரையும், சில சூழல்களில் 75 விழுக்காடு வரையும் முதலாளிக்குத் திருப்பித் தரப்படுகிறது. மானியம் முடிந்ததும் ஆளை அனுப்பிவிட முடியுமானால் இத்தாராளம் வீணே. அங்கே இதற்கு முந்தைய திட்டம் ஒன்றைக் பயிற்சி பெறுவோர், பெறாதோர் எனக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, பெரியவர்களின் வருமானம் ஓரளவு உயர்ந்திருந்தது. இளையோருக்கோ சொல்லத்தக்க பலன் எதுவும் இல்லை.

இத்தகைய திட்டத்தில் சேர நினைப்பவர் உதவித்தொகையை மட்டும் பார்க்காமல், எழுத்தில் உள்ள பயிற்சித் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பொறுப்பாளர் யார், தேர்வை நடத்துவது யார் என்பதையும் சேரும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இவற்றுக்கு விடை தராத இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறு பட்டறைகளின் நிலை வேறு. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில், மனம் இருந்தாலும் ஒரு தொழிலின் எல்லாப் பகுதிகளையும் கற்றுக்கொடுக்க இயலாது. ஜெர்மனியில் இதற்காகவே பல நிறுவனங்களுக்குப் பொதுவான பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. தன் பட்டறையில் இல்லாத கருவியையும் வேலைமுறையையும் பழகுநர் சில வாரங்கள் அங்கே தங்கிக் கற்றுத் திரும்புகிறார். இம்மையங்களுக்கு அரசு நிதியுதவி உண்டு. சிறு முதலாளிக்கு ஊதிய மானியம் தருவதைக் காட்டிலும் இப்படிப்பட்ட மையம் ஒன்றைக் கட்டித் தருவதையே நான் விரும்புவேன். ஒரு பழகுநர் பாதியில் விலகினாலும் கருவிகளும் ஆசிரியர்களும் அடுத்து வருபவருக்கு அங்கேயே இருப்பார்கள்.