கலண்டரில் எழுதி வைத்த பற்றரிக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதிக் கட்டத்தில் இரண்டு எண்கள் பென்சிலால் எழுதியிருக்கும். பால் கணக்கு என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். அது என் பைக்கின் பற்றரிக் கணக்கு: சும்மா நிற்கும்போது எத்தனை வோல்ற், செல்ப் ஸ்ரார்ட்டை அழுத்தும்போது எத்தனை வோல்ற். பழைய பற்றரிக்கு முதலாம் தேதியில் கடைசியாக எழுதியது 2025 ஆவணி: 12.6 / 9.0. அந்த மாதமே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு முந்திய நாள்வரை செல்ப் ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பைக் 2014இல் வாங்கியது. 150 சீசீ, கார்புரேற்றர், செல்போடு கிக்கும் உண்டு. பற்றரி 12 வோல்ற், 9 அம்பியர் மணி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் புது பைக் எடுக்கிற யோசனையே வரவில்லை. ஆக இருப்பதையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். இந்தப் பதினொரு வருடத்தில் நான்கு பற்றரிகளை முடித்துவிட்டு இப்போது ஐந்தாவதில் நிற்கிறேன். முதல் மூன்றையும் மாற்றியது தவறான நேரத்தில்.

பைக்கோடு வந்த பற்றரி நான்கு வருடம் நின்றது. அதில் கடைசி எட்டு மாதம் அது பற்றரியே இல்லை. கிக் இருக்கிற பைக்கில் வருகிற சோம்பல் இது: செல்ப் இழுக்காவிட்டால் காலால் ஒரு உதை, வேலை முடிந்தது. அடுத்த மாதம் மாற்றலாம், சம்பளம் வரட்டும், பொங்கல் போகட்டும். ஹோர்ன் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஆனது, சிக்னல் எரிந்ததே தவிர மின்னவில்லை. ஒருநாள் இரவு கோட்டைப் பக்கம் கடற்கரை வீதியால் வருகிறேன், ஒரு மான் நடுவீதியில் நிற்கிறது. திருகோணமலைக்காரருக்கு இது புதினமில்லை. ஹோர்னை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. மான் என்னைப் பார்த்தது, நான் மானைப் பார்த்தேன். பிரேக் பிடித்ததில் பைக் சரிந்து முழங்கால் உரஞ்சியது. மானுக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் காலையிலேயே பற்றரி வாங்கினேன்.

அந்தப் பயத்தில் இரண்டாவது பற்றரியை அவசரப்பட்டு மாற்றினேன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஒரு காலை செல்பை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். நேரே போய்ப் புதிதை வாங்கிப் பழையதைக் கராஜில் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து மெக்கானிக் அண்ணன் தன் பைக்கின் பக்கக் கவரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே என் பழைய பற்றரி.

“தம்பி, இதுக்கு ஒண்டும் இல்ல. நெகட்டிவ்ல பூப் பூத்திருந்தது, அவ்வளவுதான். கழுவிப் பூட்டினன், ஓடுது.”

அவர் மறைக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பற்றரி அவரிடம் இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது. எங்கள் வீடு உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்று முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கட்டும். வயருக்கும் முனைக்கும் நடுவே அந்தப் பொடி இருந்தால் லைற் எரியும், ஆனால் செல்ப் கேட்கிற அளவு கரண்ட் போகாது. சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் யாரும் பற்றரிக் கடைக்குப் போகவேண்டாம்.

மூன்றாவதைக் கொன்றது 2022. அந்த வருடத்துத் தட்டுப்பாட்டுப் பெற்றோல் வரிசை ஞாபகம் இருக்கும். கியூஆர் கோட்டைக் காட்டிப் பங்கு வாங்கும் முறை வந்தபிறகு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்கு முன் என் பைக் வாரக்கணக்கில் வீட்டு மாமரத்தடியில் நின்றது. திருட்டுப் பயத்தில் பூட்டியிருந்த அலாரம் மட்டும் நிற்காமல் பற்றரியைக் குடித்தது. பிறகு அளந்து பார்த்தேன், 20 மில்லி அம்பியர். அற்பம்தான், ஆனால் ஒரு நாளைக்கு அரை அம்பியர் மணி போகும், 9 அம்பியர் மணிப் பற்றரி பதினெட்டு, பத்தொன்பது நாளில் காலி. காலியான பற்றரியைச் சார்ஜ் இல்லாமல் அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. என்னுடையது எவ்வளவு போட்டும் 10.6இல் நின்றது. 12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ற் அளவில். ஒன்று செத்தால் மீதி எவ்வளவு என்று பாருங்கள். அந்த நேரம் ரூபாய் விழுந்திருந்ததால் புதிதின் விலை முன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வாங்கியதுதான் வோல்ற், அம்பியர் அளக்கிற மல்டிமீற்றர்.

நான்காவது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை. 2022 கார்த்திகையில் பூட்டினேன். முதலாம் தேதி காலை பைக்கைத் தொடுவதற்கு முன் ஒரு எண், செல்பை அழுத்தும்போது விழுகிற ஆகக் குறைந்த எண் இரண்டாவது. காலையில் சோக் போடாமல் அழுத்தினால் எஞ்சின் உடனே பிடிக்காது, மீற்றரைப் பார்க்க இரண்டு மூன்று செக்கன் கிடைக்கும். மலிவு மீற்றர் மெதுவாக வாசிப்பதால் உண்மையான அடி இன்னும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். பரவாயில்லை, ஒரே மீற்றர், ஒரே நேரம் என்றால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடப் போதும்.

2023 தையில் 12.9 / 10.8. அடுத்த வருடம் வைகாசியில் 12.8 / 10.4. 2025 தையில் 12.7 / 10.1. அப்புறம் எங்கள் கச்சான், அந்தச் சூடான வறண்ட காற்று, தொடங்கியது. மத்தியானம் சீற்றில் கை வைக்க முடியாத அந்த வெயில்தான் பற்றரிக்குக் கூடாது, சூடு ஏற ஏற உள்ளே தேய்வு வேகமாகும். ஆடியில் 12.6 / 9.5.

முதல் எண்ணைப் பாருங்கள், இரண்டரை வருடத்தில் 0.3தான் இறங்கியிருக்கிறது. சும்மா நிற்கும்போது அளந்தால் கிழட்டுப் பற்றரியும் நல்ல பிள்ளைதான். சுமை ஏற்றும்போதுதான் முழங்கால் மடங்கும். பத்துக்குக் கீழே வந்தால் கவனிக்கத் தொடங்குவேன், ஒன்பதரைக்குக் கீழே போனால் மாற்றும் யோசனை. வருடக் கணக்கு எனக்கு உதவவில்லை, நான்கு வருடம் நின்றதும் உண்டு, இரண்டில் போனதும் உண்டு.

ஆனாலும் 9.0ஐக் கண்டவுடன் கடைக்கு ஓடவில்லை. முனைகளைக் கழுவினேன். எஞ்சினை முறுக்கிப் பிடித்துச் சார்ஜ் வருகிறதா பார்த்தேன், 14.2, அது சரி. பதின்மூன்றரையைத் தாண்டாவிட்டாலோ பதினைந்துக்கு மேல் போனாலோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரைப் பார்க்க வேண்டும், புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் சாகும். என் ஓட்டம் ஒரு நாளைக்கு வீட்டிலிருந்து திருகோணமலை ரவுண், ரவுணிலிருந்து வீடு, போக ஐந்து கிலோமீற்றர் வர ஐந்து. செல்ப் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அது போதாமலும் இருக்கலாம். அதனால் சின்னச் சார்ஜரில் 0.9 அம்பியரில் இரவு முழுக்கப் போட்டு, ஒரு நாள் சும்மா வைத்து, திரும்ப அளந்தேன். 12.7 / 9.2. அவ்வளவுதான் ஏறியது. மாரியும் வரப்போகிறது, நனைந்த எஞ்சினோடு கிண்ணியாப் பாலத்தில் நின்று கிக் அடிக்க எனக்கு வயதில்லை.

பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்காக விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். அதைக் கழற்றும்போது மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன், “இதையும் உங்கட பைக்குக்குப் பூட்டப் போறீங்களா அண்ணா?” அவர் பேசாமல் தன் மீற்றரை வைத்து, செல்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இல்ல தம்பி. இது நிறுவைக்குத்தான்.”

அந்த மாதக் கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் 12.9 / 10.9 என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.